நெல்லிக்கொம்பையின் மேசை

கணவர் ஐயாக்கண்ணு இறந்த பிறகு கண்ணாயி ஊரைத் தாண்டி வெளியே போனது அந்தக் கோடை விழாவுக்குத்தான். அதுவும் அவளாகக் கிளம்பவில்லை. தங்கம்மா விடிந்ததும் விடியாததுமாக வந்து, பெட்டியைத் திறந்து ஒரு சேலையை எடுத்துக் கட்டிலில் போட்டுவிட்டு, நிலைப்படியிலேயே உட்கார்ந்துகொண்டாள்.

"நீ வந்தாத்தான் நான் வேன்ல ஏறுவேன். இல்லாட்டி இங்கியே உக்காந்திருக்கறேன். விழாவும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்."

தங்கம்மா ஊருக்குத் தலைவரான ஊர்க்கவுண்டர் பெரியநாயகத்தின் மனைவி. சொன்னால் செய்கிறவள். கண்ணாயி எழுந்து முகம் கழுவினாள்.

வெள்ளக்கடையைத் தாண்டி மண்பாதையில் இறங்கினால் நெல்லிக்கொம்பை. ஒரு குரல் கொடுத்தால் மொத்த ஊருக்கும் கேட்டுவிடும். அவ்வளவு சின்ன ஊர். ஆளுக்குக் கொஞ்சம் காப்பி, கொஞ்சம் மிளகு, சரிவில் சாமை, மேட்டில் நாலு பலா. எல்லோரும் எல்லோருக்கும் ஏதோ ஒரு வகையில் உறவு.

ஐப்பசியில் ஒரு காலை ஐயாக்கண்ணு பீன்ஸ் மூட்டைகளைச் சந்திரசேகரின் பிக்கப் வண்டியில் ஏற்றிக்கொண்டு சேலம் மார்க்கெட்டுக்குப் புறப்பட்டார். சந்திரசேகர் ஊர்க்காரன்தான், கண்ணாயி வீட்டுக்குக் கீழ்வீடு. ஐயாக்கண்ணை அண்ணன் என்று கூப்பிட்டு வளர்ந்தவன். முன்சீட்டிலும் மூட்டைதான். ஐயாக்கண்ணு பின்னால் சாக்குகளின் மேல் உட்கார்ந்துகொண்டார். மலைப்பாதையில் பனி மூடியிருந்தது. கீழேயிருந்து வந்த ஒரு கார் வளைவில் எதிர்ப்பக்கம் ஏறி வந்துவிட்டது. சந்திரசேகர் ஒடித்துத் திருப்பினான். சக்கரம் ஓரத்தில் இறங்கி வண்டி சாய்ந்தது. அவனுக்கு இடது கை முறிந்தது. ஐயாக்கண்ணு பாறையில் விழுந்தார்.

"உசுரு ஒடனே போயிருச்சு கண்ணு. அவருக்கு ஒண்ணுமே தெரிஞ்சிருக்காது," என்று தங்கம்மா அன்று அவள் தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு சொன்னாள். ஊரே அதைச் சொன்னது. கண்ணாயி அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் பொழுதைத் தள்ளினாள். வலிக்காமல் போனார். அது போதும் என்று இருந்தாள்.

அதன் பிறகு ஊர் அவளைக் கீழே விடவில்லை. மிளகுப் பருவத்தில் ஆண்கள் ஏணி கொண்டுவந்து சவுக்கு மரங்களில் ஏறிக் கொடியிலிருந்து மிளகைக் கொய்து கொடுத்தார்கள். பெண்கள் காப்பிப் பழம் பறித்து, உலர்த்தி, மூட்டை கட்டினார்கள். களையெடுப்புக்கு அவள் யாரையும் கூப்பிட வேண்டியிருக்கவில்லை. பொழுது சாய்ந்தால் யார் வீட்டுக் குழம்பாவது கிண்ணத்தில் வந்துவிடும். வாழப்பாடியில் கட்டிக்கொடுத்திருந்த மகள் கௌரி, "அம்மாவ எங்கூடக் கூட்டிட்டுப் போறனுங்க," என்றபோது தங்கம்மா விடவில்லை. "எங்கள நம்பி உட்டுட்டுப் போ சாமி. அவ எங்க பொறுப்பு," என்றாள்.

ஒரே ஒரு வீட்டிலிருந்துதான் யாரும் வரவில்லை. சந்திரசேகர் வீட்டிலிருந்து. அவன் பெண்டாட்டி வெண்ணிலாவும் கண்ணாயியும் ஒரே உரலில் சாமை குத்தியவர்கள். அவள்கூட எட்டிப் பார்க்கவில்லை. முகத்தில் முழிக்க முடியவில்லை போலிருக்கிறது, வராமலே இருக்கட்டும் என்று கண்ணாயி நினைத்துக்கொண்டாள். நாளாக நாளாக அந்த நினைப்பு இறுகிப்போனது. ஒருமுறை குழாயடிக்குப் போகும் வழியில் சந்திரசேகர் எதிரே வந்தான். அவளைப் பார்த்ததும் தலையைக் குனிந்து வந்த வழியே திரும்பிவிட்டான். அவள் கூப்பிடவில்லை.

விழாவன்று வேன் ஒண்டிக்கடையைத் தாண்டும்போதே கூட்டம் நெரிந்தது. சேலத்திலிருந்து வந்த கார்கள் ரோட்டோரம் முழுக்க நின்றன. பூக்களால் செய்த மயிலுக்கும் யானைக்கும் முன்னால் குடும்பம் குடும்பமாக நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அது வெளியூர்க்காரர்களுக்கான விழா. மலைக்காரர்களின் விழா அதற்குப் பின்னால், தகரப் பந்தலில் நடந்தது. அங்கே ஊருக்கு ஒரு மேசை. அந்தந்த ஊர் தன் காட்டில் விளைந்ததை அதில் அடுக்கி வைக்க வேண்டும். மத்தியானத்துக்குள் நடுவர்கள் வந்து பார்ப்பார்கள். பிறகு பந்தலுக்குப் பக்கத்தில் எல்லா ஊரும் சேர்ந்து ஆக்கிய சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும்.

நெல்லிக்கொம்பை மேசையில் பெரியநாயகம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார். சௌசௌ, மலைவாழைத் தார், முறத்தில் சாமை, தட்டில் காப்பிக் கொட்டை. எல்லாவற்றுக்கும் நடுவில் ஒரு பித்தளைத் தாம்பாளத்தில் மிளகு.

"உன் காட்டு மொளகுதான் தாயி. இந்த வருசம் நம்மூருக்கு இதுதான் நடுநாயகம்," என்றார்.

கண்ணாயி அந்த மிளகின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். மற்ற ஊர்ப் பெண்கள் அவளைக் கண்டதும் தங்கள் மேசையை விட்டுவிட்டு வந்தார்கள். யாரும் அதிகம் பேசவில்லை. வந்து கையைப் பிடித்துக்கொண்டு சற்று நேரம் நின்றுவிட்டுப் போனார்கள். கிளியூர்க்காரி ஒருத்தி, "போன வருசம் எங்க வாழைத்தாரு சாஞ்சப்ப உங்க ஊட்டுக்காரருதான் ஓடியாந்து முட்டுக் குடுத்தாரு," என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இன்னொருத்தி, "உங்கூரு மாதிரி ஒரு ஊரு கெடைக்காது. உன்னையக் கையில வெச்சுத் தாங்குறாங்க," என்றாள். உண்மைதான் என்று கண்ணாயிக்குத் தோன்றியது. இவர்கள் இல்லாவிட்டால் நான் என்ன ஆகியிருப்பேன் என்று நினைத்துக்கொண்டாள். யாருக்கும் தெரியாமல் முகம் கழுவி வரலாம் என்று பந்தலின் பின்பக்கம் போனாள்.

பின்னால் தண்ணீர்த் தொட்டிக்கு அருகே ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. அந்தப் புகையிலும் இரைச்சலிலும் தரையில் சாக்கை விரித்து ஒரு பெரிய பலாப்பழத்தை வைத்துக்கொண்டு ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். கிட்டே போன பிறகுதான் அது வெண்ணிலா என்று தெரிந்தது. நன்றாக இளைத்திருந்தாள்.

கண்ணாயியைக் கண்டதும் வெண்ணிலா பதறி எழுந்தாள். எங்கேயாவது போய்விட வேண்டும்போல இருபுறமும் பார்த்தாள். பழத்தை விட்டுவிட்டு எப்படிப் போவது?

"இங்க என்ன பண்ற?"

"ஒண்ணுமில்லீங்க அக்கா. இப்பப் போயிருவேன்."

"பழத்த வெச்சுக்கிட்டு இங்க ஏன் உக்காந்திருக்கற? நம்மூரு மேசை அங்கல்ல இருக்குது?"

வெண்ணிலா பழத்தில் ஒட்டியிருந்த சருகைத் தட்டினாள். கண்ணாயி அப்படியே நிற்பதைப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னாள். "போன மாசமே பேரு குடுத்திருந்தமுங்க. விழாக்காரங்க ஊரு மேசையிலயே வெச்சுக்கச் சொன்னாங்க. காலைல கொண்டுட்டுப் போனேன். நான் கிட்டப் போகப் போக எல்லாரும் சாமானை நகத்தி நகத்தி வெச்சாங்க. கடைசில மேசைல எடமில்லாமப் போச்சு."

"யாரு சொன்னா, எடமில்லைன்னு?"

"யாருன்னு ஒருத்தரச் சொல்றதுங்க அக்கா? யாரும் வாயத் தொறந்து ஒண்ணும் சொல்லல."

கண்ணாயிக்கு விளங்கவில்லை. விளங்கியதும் நம்ப முடியவில்லை. இத்தனை மாதமாக மனத்துக்குள் வைத்திருந்ததை அப்போது கேட்டுவிட்டாள். "அவரு செத்ததுக்கு நீ ஏன் எட்டிக்கூடப் பாக்கல?"

"வந்தனே." வெண்ணிலாவின் முகம் கோணியது. "மூணாம் நாளே வந்தனுங்க. முக்குலயே நிறுத்திப்போட்டாங்க. உம்மூஞ்சியப் பாத்தா அவ செத்துப்போயிருவா, போயிருன்னாங்க. மறுவாட்டி காரியத்துக்கு வந்தோம். அப்பவும் உடல. நீங்கதான் எங்களப் பாக்கப் புடிக்கலைன்னு சொல்லியிருக்கறீங்கன்னு நெனச்சுட்டோம்."

"நான் அப்பிடியொண்ணும் சொல்லல."

"இப்பத் தெரியுதுங்க."

பிறகு அவள் சொல்லச் சொல்லக் கண்ணாயி தொட்டிச் சுவரில் சாய்ந்து நின்று கேட்டாள். ஊரில் யாரும் சந்திரசேகர் வண்டியில் மூட்டை ஏற்றுவதில்லை. எஸ்டேட் லோடு கிடைத்தால்தான் உண்டு. குழாயடியில் வெண்ணிலா குடத்தை வைத்தால் மற்றவர்கள் பேச்சை நிறுத்திவிடுவார்கள். தை மாதம் மகள் புவனா வயதுக்கு வந்தாள். வெண்ணிலாவின் அண்ணன் கருமந்துறையிலிருந்து வந்து தாய்மாமன் முறைக்கு ஓலைக் குச்சு கட்டினார். சீர்த்தட்டு எடுக்க ஊரிலிருந்து ஒரு பெண்கூட வரவில்லை.

கண்ணாயிக்கு அந்த நாள் நினைவிருந்தது. மேளச் சத்தம் கேட்டு, எங்கே விசேஷம் என்று தங்கம்மாவைக் கேட்டிருந்தாள். பக்கத்து ஊர்க் கல்யாணம் என்று தங்கம்மா சொல்லியிருந்தாள்.

"நாளைக்குத் திருப்பூர் போறமுங்க அக்கா. அவருக்கு ஒரு மில்லு வண்டி ஓட்ட வேலை கெடைச்சிருக்குது. இந்தப் பழத்த நானே மரமேறி இறக்கினேன். எப்பவும் ஐயாக்கண்ணு அண்ணந்தான் ஏறுவாரு, இவருக்கு மரமேற வராதுங்களே. ஊரே விழாவுக்குப் போறப்ப நாம மட்டும் ஊட்டுக்குள்ள உக்காந்திருக்க மனசு வல்ல. கடைசித் தடவையின்னு கொண்டாந்தேன்."

கண்ணாயி குனிந்து சாக்கின் ஒரு முனையைப் பிடித்தாள். "அந்தப் பக்கம் புடி," என்றாள்.

"வேண்டாமுங்க அக்கா."

"புடின்னா."

இரண்டு பெண்களும் பலாப்பழத்தைச் சாக்கோடு தூக்கிக்கொண்டு பந்தலுக்குள் வந்தபோது நெல்லிக்கொம்பை மேசையைச் சுற்றி நின்றவர்கள் பேச்சை நிறுத்தினார்கள்.

"இது என்ன கண்ணாயி?" என்றார் பெரியநாயகம்.

"பலாங்க மாமா. நம்மூருப் பலா."

அவர் வெண்ணிலாவைப் பார்க்காமலே பேசினார். "தாயி, உனக்காகத்தான நாங்க இப்பிடி... அவனுங்க உன் கண்ணு முன்னால வந்தா உனக்கு எப்பிடியிருக்கும்னு..."

"தெரியுங்க மாமா. நீங்க எல்லாரும் எனக்குச் செஞ்சத நான் சாகற வரைக்கும் மறக்க மாட்டேன். ஆனா எனக்காகன்னு செய்யறப்ப எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமுங்களே."

கண்ணாயி சாக்கைக் கீழே வைத்தாள். நடுவிலிருந்த மிளகுத் தாம்பாளத்தை எடுத்துத் தரையில் இறக்கினாள். அந்த இடத்தில் பழத்தை வைக்க அவளும் வெண்ணிலாவும் தம் கட்டித் தூக்கினார்கள். பழம் கனமாக இருந்தது. விளிம்பு வரை வந்து நின்றுவிட்டது. அப்போது கூட்டத்திலிருந்து யாரோ கையை நீட்டி அடியில் தாங்கினார்கள். வேறொருவர் சௌசௌவை ஓரமாகத் தள்ளினார். பழம் மேசையில் ஏறியது. பெரியநாயகம் குனிந்து, தரையில் இருந்த மிளகை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தார்.

நடுவர்கள் வந்தார்கள், தட்டிப் பார்த்தார்கள், முகர்ந்து பார்த்தார்கள், போனார்கள். பரிசு வேறு ஊருக்குப் போனது. யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

சாப்பாட்டுப் பந்தியில் வெண்ணிலா கடைசி இலையில் உட்கார்ந்தாள். கண்ணாயி அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். பரிமாறி வந்த தங்கம்மாவின் கரண்டி வெண்ணிலாவின் இலைக்கு மேல் ஒரு கணம் நின்றது. பிறகு அவள் ஒன்றுக்கு இரண்டாகக் குழம்பை ஊற்றிவிட்டு வேகமாக நகர்ந்துவிட்டாள். வெண்ணிலா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். வாயில் வைக்கவில்லை.

"தம்பி எங்க?" என்று கண்ணாயி கேட்டாள்.

"வண்டில இருக்கறாருங்க. உள்ள வர மாட்டேன்னுட்டாரு."

கை கழுவியதும் கண்ணாயி தனியாக அவனைத் தேடிப் போனாள். சரிவில் மற்ற வண்டிகளுக்குக் கடைசியாக அந்தப் பிக்கப் நின்றது. அவளைப் பார்த்ததும் சந்திரசேகர் கதவைத் திறந்து இறங்கினான். முறிந்து கூடிய கை சற்று வளைந்திருந்தது. அவன் அழுதுவிடுவானோ என்று அவளுக்குப் பயமாக இருந்தது. அவன் அழவில்லை. கைகளைக் கட்டிக்கொண்டு, என்ன சொன்னாலும் வாங்கிக்கொள்கிறேன் என்பதுபோல நின்றான்.

திட்ட வேண்டும் என்று அவள் எத்தனையோ தடவை ஒத்திகை பார்த்திருந்தாள். எதிரில் நின்றபோது அதில் ஒரு சொல்லும் வரவில்லை. வேறொன்று வந்தது.

"தம்பி, அன்னிக்கு வண்டில போறப்ப அவரு என்ன பேசிட்டு வந்தாரு?"

"அண்ணன் பின்னால இருந்தாருங்களே அண்ணி. போறப்ப ஒண்ணும் பேசல. அப்பறந்தான் பேசினாரு."

"எதுக்கப்பறம்?"

"விழுந்ததுக்கப்பறம்."

கண்ணாயி அவனையே பார்த்தாள். அவள் முகத்தைப் பார்த்த பிறகுதான், அவளுக்குத் தெரியாது என்பது அவனுக்குப் புரிந்தது. அவன் வாயை மூடிக்கொண்டான்.

"சொல்லு," என்றாள்.

"வேண்டாமுங்க அண்ணி."

"அவரு கையால தாலி கட்டிக்கிட்டவ நான். சொல்லு தம்பி."

அவன் சொன்னான். ஒரு கையால் அவரைப் பாறையிலிருந்து ரோட்டோரத்துக்கு இழுத்து வந்து மடியில் போட்டுக்கொண்டானாம். அந்தக் கார்க்காரர்கள் நிற்கவில்லை. போன் சிக்னல் கிடைக்காமல், பைக்கில் ஏறி வந்த ஒருவனிடம் சொல்லி அனுப்பினானாம். ஆம்புலன்ஸ் வர நேரமாகிவிட்டது. அதுவரை ஐயாக்கண்ணுக்கு நினைவிருந்தது.

"தண்ணி கேட்டாரு. வண்டில பாட்டில் ஒடைஞ்சு கெடந்துச்சு. பனியில நனைஞ்ச எந்துண்டப் புழிஞ்சு ஒதட்டுல வெச்சேன். 'உங்கையி என்னாச்சு'ன்னு கேட்டாருங்க அண்ணி. ரத்தம் அவருக்குப் போகுது, எங்கையக் கேக்கறாரு." அவன் நிறுத்திக்கொண்டு மூச்சு வாங்கினான். "அப்பறம், 'கண்ணாயிக்கு இப்பச் சொல்லாத. கட்டுப் போட்டதுக்கப்பறம் சொல்லிக்கலாம். சும்மாவே பயந்துக்குவா'ன்னாரு. அதுக்கப்பறம் எங்கைய இறுக்கிப் புடிச்சிருந்தாரு. புடி உட்டதும்தான் எனக்குத் தெரிஞ்சுது."

கீழே விழாவின் ஒலிபெருக்கியில் யாரோ பரிசு பெற்றவர்களின் பெயரைப் படித்துக்கொண்டிருந்தார்கள். கண்ணாயி வண்டியின் பக்கவாட்டைப் பிடித்துக்கொண்டாள். வலிக்காமல் போகவில்லை. தண்ணீர் கேட்டிருக்கிறார். அந்த ஒரு வார்த்தை கையை விட்டுப் போய்விட்டது. ஆனால் அவர் தனியாகப் போகவில்லை. ஒரு மடியில் படுத்து, ஒரு கையைப் பிடித்துக்கொண்டு போயிருக்கிறார். அவருடைய கடைசிப் பேச்சில் அவள் இருந்திருக்கிறாள். இதைச் சொல்லக்கூடிய ஒரே ஆள் இத்தனை மாதமும் கீழ்வீட்டில்தான் இருந்திருக்கிறான். கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில்.

"இத உங்ககிட்டச் சொல்லோணும்னுதான் வந்தனுங்க அண்ணி. உடல."

அவள் அவனுடைய வளைந்த கையைப் பிடித்துப் பார்த்தாள். "வலிக்குதா இன்னும்?" என்று கேட்டாள். அப்போதுதான் அவன் அழுதான். தோள் குலுங்க, சத்தமில்லாமல் அழுதான். அவளும் அழுதாள்.

அழுது ஓய்ந்த பிறகு, "போகாத தம்பி. நான் ஊர்ல பேசறேன். எல்லாரும் கேப்பாங்க," என்றாள்.

"கேப்பாங்க அண்ணி. நாளையிலருந்து எல்லாரும் எங்கிட்டப் பேசுவாங்க. நீங்க சொன்னீங்கன்னு பேசுவாங்க." அவன் தலையை ஆட்டினான். "புவனா பள்ளிக்கூடத்துக்கே போக மாட்டேங்கறா. அவளுக்கு இந்த ஊரே வேண்டாமாம். அந்தப் புள்ளைக்கு நான் என்னத்தச் சொல்றது?"



வேனில் திரும்பும்போது தங்கம்மா வழக்கம்போல அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். மற்றவர்கள் களைத்துத் தூங்கிப்போயிருந்தார்கள், அல்லது தூங்குவதுபோல இருந்தார்கள்.

"அக்கா, அவரு ஒடனே போகலையாமுங்க," என்றாள் கண்ணாயி.

தங்கம்மா ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். திரும்பாமலே, "தெரியும் கண்ணு," என்றாள்.

"ஊர்ல எல்லாருக்குமா?"

"எல்லாருக்கும். நீ தாங்க மாட்டேன்னுதான்... அவன் வந்தா சொல்லிப்போடுவான்னு நாங்க பயந்தோம். மொதல்ல அதுக்குத்தான் தடுத்தோம். அப்பறம் அது அப்பிடியே பழகிப்போச்சு."

கண்ணாயிக்குக் கோபம் வந்தது. அதே நேரத்தில் உடம்பு துவண்டு போயிருந்தது. வேன் வளைவில் திரும்பியபோது அவள் தலை தங்கம்மாவின் தோளில் சாய்ந்தது. சாய்வதற்கு அந்தத் தோளை விட்டால் அவளுக்கு வேறு தோள் இல்லை. தங்கம்மா அசையாமல் இருந்தாள். அவள் கன்னத்தில் கண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது.

மறுநாள் காலை சந்திரசேகர் வீட்டு வாசலில் பிக்கப் வந்து நின்றது. கண்ணாயிதான் முதலில் போனாள். அவள் போவதைப் பார்த்து ஒவ்வொருவராக வந்தார்கள். ஆண்கள் கட்டிலையும் கிரைண்டரையும் தூக்கி ஏற்றினார்கள். பெரியநாயகம் கயிறு போட்டு இறுக்கிக் கட்டினார். ஒரு முடிச்சை அவிழ்த்து மறுபடியும் கட்டினார். தங்கம்மா ஒரு பித்தளைத் தட்டில் தேங்காய், பழம், புடவை வைத்துக் கொண்டுவந்து புவனாவின் முன்னால் நீட்டினாள். அது தையில் வந்திருக்க வேண்டிய தட்டு. அந்தப் பெண் வாங்கிக்கொள்ளாமல் தன் அம்மாவைப் பார்த்தாள். வெண்ணிலா, "வாங்கிக்க சாமி," என்றாள். புவனா வாங்கிக்கொண்டாள். தங்கம்மா அவள் தலையைத் தடவ நீட்டிய கை பாதியில் நின்றது. அந்தப் பெண் வண்டிக்குள் ஏறிவிட்டாள்.

யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. எப்படிக் கேட்பது என்று யாருக்கும் தெரியவில்லை.

சந்திரசேகர் ஸ்டியரிங்கில் உட்கார்ந்தான். கண்ணாயி அவன் பக்கக் கதவருகே போனாள்.

"வளைவுல பாத்து, மெதுவாப் போ சாமி," என்றாள்.

அவனால் உடனே சாவியைத் திருப்ப முடியவில்லை. சற்று நேரம் கழித்துத்தான் வண்டி கிளம்பியது. மண்பாதையில் ஏறி, காப்பித் தோட்டத்துக்குப் பின்னால் மறைந்து, மேலே தார்ரோட்டில் திரும்பும் சத்தம் கேட்டது. கூட்டம் கலைந்தது. கண்ணாயி மட்டும் அங்கேயே நின்றாள். சத்தம் நன்றாகத் தேய்ந்து போகும் வரை கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, திறந்து கிடந்த கீழ்வீட்டுக் கதவைச் சாத்தினாள்.